இன்றைக்கு என்ன நிறம்

அமெரிக்கா போய்விட்டு வந்தவனைப் பார்த்தால் எங்கள் திருச்செங்கோட்டில் முதலில் கேட்பது, நயாகரா பார்த்தீர்களா என்பதுதான். நான் பார்க்கவில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் தங்கினேன். அங்கிருந்து வாரம் ஒருமுறை பக்கத்து ஊர்க் கோர்ட்டுக்குப் போய்வந்தேன். நான் பார்த்த அமெரிக்கா அவ்வளவுதான்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போர்வெல் வண்டியில் ராடு தூக்கும் ஆளாகச் சேர்ந்தேன். இன்றைக்கு என் பெயர் எழுதிய போர் வண்டி போகாத மாநிலம் குறைவு. ஒரு வார்த்தை இந்தி தெரியாமல் ராஜஸ்தானில் தொழில் பண்ணியிருக்கிறேன். செக்போஸ்ட்டில் வண்டியை மடக்கினால் டிரைவர் எனக்குத்தான் போன் போடுவான். எந்த ஊர்ப் போலீசாக இருந்தாலும் நான் பேசினால் வண்டி நகர்ந்துவிடும். பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லிக்கொள்வதில் தப்பில்லை.

கார்த்தி எனக்கு ஒரே பையன். கம்ப்யூட்டர் இன்ஜினியர், அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டான். ஃப்ரீவேயில் பின்னால் வந்த வண்டி இடித்து முதுகு டிஸ்க் நகர்ந்தது. டாக்டர் வலி மாத்திரை கொடுத்தார். வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. டாக்டர் நிறுத்தியதும் இவனே கம்ப்யூட்டரில் டாக்டர் சீட்டு தயார் பண்ணி மருந்துக் கடைக்குப் போயிருக்கிறான். கடைக்காரன் போலீசைக் கூப்பிட்டுவிட்டான். மருமகள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு நியூஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இத்தனையும் எனக்கு ஒரே போனில் தெரிந்தது.

இந்த மாதிரி ஆட்களுக்கென்று அங்கே தனிக் கோர்ட்டு உண்டு. உள்ளே தள்ளாமல் வைத்தியம் பார்ப்பார்கள். கவுன்சலிங் போக வேண்டும், ஏதாவது வேலைக்குப் போக வேண்டும், கூப்பிட்ட அன்று மூத்திரம் பிடித்துக் கொடுக்க வேண்டும், வாராவாரம் ஜட்ஜ் முன்னால் நிற்க வேண்டும். நாலு கட்டம். நாலும் முடித்தால் கேஸ் இல்லை. முடிக்காவிட்டால் சிறை. மருமகளும் அதையேதான் சொல்லியிருந்தாள்: "அவர் முடிச்சுட்டு வரட்டும் மாமா. அதுக்கப்புறம் பேசலாம்."

கார்த்தி மூன்றாவது கட்டத்தில் இருந்தபோது நான் போய் இறங்கினேன். வீட்டுக்காரம்மாவுக்கு முட்டிவலி, அதனால் வரவில்லை. விமான நிலையத்துக்கு டாக்சியில் வந்திருந்தான். லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்களாம். சட்டை ஹேங்கரில் தொங்குவது மாதிரி உடம்பில் தொங்கியது. "சாப்டீங்களாப்பா?" என்றான். "நீ சாப்புட்டியா கண்ணு, அதைச் சொல்லு மொதல்ல," என்றேன்.

கார் இல்லாதவனுக்கு அந்த ஊரில் கால் இருந்தும் பிரயோசனமில்லை. மறுநாள் இந்தியக் கடைக்கு நடந்தே போனோம். ஹைவே ஓரத்தில் நடைபாதை கிடையாது. வெயில் நம்ம சித்திரை வெயிலுக்கு அண்ணன். மனுசன் ஒருத்தன் கண்ணில் படவில்லை. திரும்பும்போது ஒரு போலீஸ் கார் பின்னாலேயே ஊர்ந்து வந்து நின்றது. எங்களுக்கு ஏதாவது உதவி வேண்டுமா என்று விசாரித்துவிட்டுப் போனான். நல்ல பையன். ஆனால் கார்த்தியின் உதடு வெளுத்துவிட்டது. கார் கண்ணுக்கு மறைகிற வரை கொத்தமல்லிக் கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான்.

விடிந்ததும் அவனுக்கு முதல் வேலை ஒரு நம்பருக்குப் போன் போடுவது. மறுமுனையில் பதிவு பண்ணிய ஒரு குரல் ஒரு நிறத்தின் பெயரைச் சொல்லும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிறம். கார்த்திக்குப் பச்சை. பச்சை என்று சொன்னால் அன்றைக்கே போய் மூத்திரம் கொடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு ஆள் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். வேறு நிறம் சொன்னால் குளித்துவிட்டு வேலைக்குப் போகலாம். லட்சம் லட்சமாகச் சம்பளம் வாங்கியவன் அப்போது ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

நான் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு என்ன கலரு?" என்று கேட்பேன்.

"ஆரஞ்சுப்பா. நம்முது இல்ல."

அதற்கப்புறம்தான் காப்பி தொண்டையில் இறங்கும்.

அந்த வாரமே டெனிஸ் வந்தார். கார்த்தியின் கேஸைக் கவனிக்கும் அதிகாரி. கறுப்பினப் பெண்மணி, ஹெட்மிஸ்ட்ரஸ் நடை. வந்ததும் சமையலறை அலமாரியைத் திறந்து ஒவ்வொரு டப்பாவாக முகர்ந்து பார்த்தார். வீட்டுக்காரம்மா குருமாவுக்கென்று கொடுத்தனுப்பிய கசகசா பாக்கெட் கையில் சிக்கியது. கசகசா சாப்பிட்டால் மூத்திரத்தில் அபின் காட்டிவிடும், அதனால் அது இந்த வீட்டில் இருக்கவே கூடாது என்று கார்த்தி எனக்குச் சொன்னான். நான் பாக்கெட்டை வாங்கி, பல்லால் கடித்துக் கிழித்து, அவர் கண் முன்னாலேயே குப்பைத் தொட்டியில் கொட்டி, கையைத் தட்டிக்கொண்டேன். டெனிஸ் சிரித்தார். இப்படி ஒரு அப்பா எல்லாருக்கும் கிடைக்கமாட்டார் என்றாராம்.

"ஆபீசருங்களை எப்படிக் கையாளணும்னு எனக்குத் தெரியும்னு சொல்லுடா," என்றேன். கார்த்தி அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

கோர்ட்டுக்கு நான் புதியவன் இல்லை. லாரி கேஸ், நிலத்துக் கேஸ் என்று சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் வாய்தா வாங்கியே செருப்பு தேய்ந்தவன். ஆனால் இது மாதிரிக் கோர்ட்டை நான் பார்த்ததில்லை. ஜட்ஜ் ஒரு வயசான அம்மா. ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு, இந்த வாரம் எப்படிப் போச்சு, தூக்கம் வந்ததா, நாய்க்குட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஒழுங்காக இருந்தவனுக்கு மொத்தக் கோர்ட்டும் கை தட்டியது. ஜட்ஜும் தட்டினார். வேட் என்று தாடி வைத்த பிளம்பர் ஒருத்தன் நல்லபடியாக ஒரு கட்டம் முடித்ததற்கு, கண்ணாடிக் குடுவைக்குள் கைவிட்டு ஒரு சீட்டு எடுத்தான். சினிமா டிக்கெட் விழுந்தது. அவன் அம்மா ரூத் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிலடித்தாள்.

சிரிப்பாக இருந்தது, வலது பக்கம் திரும்புகிற வரைக்கும். அங்கே இரண்டு வரிசை நாற்காலியில் கோடு போட்ட சட்டையில் ஏழெட்டுப் பேர். ஆண்களும் பெண்களும். கையில் விலங்கு, இடுப்பைச் சுற்றிச் சங்கிலி. போன வாரங்களில் எங்கள் பக்கம் உட்கார்ந்து கை தட்டியவர்கள்தானாம். என் பேத்தியைவிடக் கொஞ்சம்தான் பெரியவளாகத் தெரிந்த ஒரு பெண் மூக்கைத் துடைக்கச் சங்கிலியோடு கையைத் தூக்க முடியாமல், குனிந்து தோளில் துடைத்துக்கொண்டாள்.

கார்த்தி முறை வந்ததும் ஜட்ஜ் என்னைக் காட்டி யார் என்று கேட்டார். நான் எழுந்து கும்பிட்டேன். எனக்கும் கை தட்டினார்கள். எங்கள் போர்வெல் சங்கத்தில் எத்தனையோ மேடையில் சால்வை வாங்கியிருக்கிறேன். அது வேறு, இது வேறு.

திரும்பி வரும்போது டாக்சியில் கார்த்தி சொன்னான்: "மாத்திரை போட்டா தப்பு. அதை நாமளே போயி சொல்லிட்டா சின்னத் தப்பு. எக்ஸ்ட்ரா மீட்டிங் போகச் சொல்வாங்க, அவ்ளோதான். அவங்களா கண்டுபிடிச்சா பெரிய தப்பு. பொய் சொன்னா ஜெயில்ப்பா."

"நம்மூருல நெசத்தைச் சொன்னாத்தான்டா ஜெயிலு," என்றேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்த்திக்குத் தெரிந்த ஒரு கோயமுத்தூர்க்காரர் வீட்டில் குழந்தைக்குப் பிறந்தநாள். பெரிய வீடு. சமையல்கட்டு நம் கல்யாண மண்டப டைனிங் ஹாலில் பாதி. பரோட்டா, குருமா, தயிர்சாதம், நடுவில் பீட்சா. குழந்தைகள் எல்லாம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லின. கார்த்தி கேஸ் யாருக்கும் தெரியாது.

"அங்கிள், கார்த்திக்கு பேக் பெயின் இப்ப ஓகேவா? எப்ப திரும்ப ஜாயின் பண்றான்?" என்று அந்தக் கோயமுத்தூர்த் தம்பி கேட்டான்.

"கம்பெனியே லீவு குடுத்து ரெஸ்ட் எடுக்கச் சொல்லிருச்சு தம்பி. அவனை விட மனசில்லை அவங்களுக்கு," என்றேன். கூசாமல் வந்தது.

அந்த நேரத்தில் பேத்தி வீடியோவில் கூப்பிட்டாள். இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். கார்த்தியின் முகம் செத்துவிட்டது. என்னடா கேட்டாள் என்றேன். "'இன்னும் முடியலையா டாடி'ன்னு கேக்குறா," என்று சொல்லிவிட்டு பாத்ரூமுக்குப் போனான். வெகுநேரம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் பார்த்தேன். கண்ணின் கருமணி குண்டூசித் தலை அளவு. மூக்கைச் சொறிந்துகொண்டே இருந்தான். நான் கேட்பதற்கு முன்னால் அவனே சொன்னான்.

"ஸ்லிப் ஆயிட்டேன்ப்பா. அவங்க பாத்ரூம் கேபினெட்ல இருந்துச்சு. அவரோட பல்லு ஆபரேஷனுக்குக் குடுத்ததுபோல. ரெண்டு எடுத்தேன்."

சொல்லிக்கொண்டே போனை எடுத்தான். "டெனிஸ்க்கு இப்பவே கால் பண்ணணும்."

நான் அந்தப் போனைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டேன்.

"வாயத் தொறக்காதே கண்ணு. நாளைக்கு உன்ற கலர் வரலைன்னா யாருக்குத் தெரியப்போவுது? வந்துச்சுன்னா நா பேசிக்கிறேன்."

"அப்பா, இது செக்போஸ்ட் இல்ல."

"எல்லாமே செக்போஸ்ட்டுதான்டா. நா எத்தனை பார்த்திருக்கேன்."

அவன் கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றான். சின்ன வயசிலும் அப்படித்தான். நான் வாங்கி வைத்துவிட்டால் மறுபடி கேட்கமாட்டான். போய்ப் படுத்துக்கொண்டான்.

காலையில் பச்சை.

டெஸ்டில் மாத்திரை காட்டிவிட்டது. கோர்ட்டு நாளுக்குள் பேச்சைத் தயார் பண்ணிவிட்டேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்டதற்குத் தமிழ் தெரிந்த ஒரு பெண்ணை போன் ஸ்பீக்கரில் கொண்டுவந்தார்கள். கனடாவில் இருந்து பேசிய யாழ்ப்பாணப் பெண்.

"வணக்கம் ஐயா. நீங்கள் கதைக்கிறதை அப்பிடியே சொல்லுவன். நான் ஒண்டும் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்."

நான் எழுந்து நின்றேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு தமிழ் வீட்டு விருந்துக்குப் போனோம், அங்கே குருமா பரிமாறினார்கள், குருமாவுக்குக் கசகசா அரைத்து ஊற்றுவது எங்கள் வழக்கம், இவனுக்கு அது தெரியாது, சாப்பிடு சாப்பிடு என்று வற்புறுத்தியது நான்தான், தண்டிப்பதானால் என்னைத் தண்டியுங்கள் என்றேன். குரலை எங்கே இறக்க வேண்டுமோ அங்கே இறக்கினேன். அந்தப் பெண்ணும் அழகாக மொழிபெயர்த்தாள். நடுவில், "கசகசா எண்டா எங்கட பக்கமும் அதுதான் ஐயா, விளங்குது," என்றாள். ஜட்ஜ் கன்னத்தில் கைவைத்துக் கவனமாகக் கேட்டார். வண்டி நகர்ந்துவிட்டது என்றே நினைத்தேன்.

டெனிஸ் எழுந்தார். கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஐயா, அவ சொல்லுறா," என்றது ஸ்பீக்கர், "கசகசா திண்டா பரிசோதனையிலை வேறை பேர் வருமாம். இவரிலை கண்டுபிடிச்சது ஃபாக்டரியிலை செய்யிற குளிசையாம், மாத்திரை. எத்தினை கறி திண்டாலும் அது வராதாம்." கொஞ்சம் நிறுத்தியது. "கசகசாவை நீங்கள் குப்பையிலை கொட்டினதைத் தான் பாத்தவவாம். அண்டைக்கு உங்களிலை தனக்கு நல்ல மதிப்பு வந்ததாம்."

ஜட்ஜ் கார்த்தி பக்கம் திரும்பினார். உன் அப்பா சொன்னதை நான் கேட்டேன், இப்போது உன்னிடம் கேட்கிறேன், என்ன நடந்தது என்றார். மறுபடி கேட்டார். நேரம் எடுத்துக்கொள் என்றார்.

கார்த்தி திரும்பி என்னைப் பார்த்தான். நான் தலையை லேசாக அசைத்தேன். நாலு பேர் முன்னால் அப்பா சொன்னது பொய் என்று என் வீட்டில் யாரும் சொன்னதில்லை. நான் வளர்த்த விதம் அப்படி.

அவன் ஜட்ஜிடம் நாலே வார்த்தை சொன்னான். ஸ்பீக்கர் அதையும் எனக்குத் தமிழில் சொன்னது: "அப்பா சொன்னது சரி எண்டு சொல்லுறார்."

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மாத்திரைக்காக உன்னை நான் உள்ளே அனுப்பியிருக்க மாட்டேன், கார்த்திக்," என்றார். ஒரு வாரம் ஜெயில். மறுபடி முதல் கட்டத்தில் இருந்து. சீருடைக்காரன் வந்து, ரொம்ப மரியாதையாக, கையைப் பின்னால் கொண்டுவரச் சொன்னான். விலங்கு மாட்டும்போது முதுகு வலித்திருக்க வேண்டும், கார்த்தி பல்லைக் கடித்தான். யாரும் கை தட்டவில்லை. யாரும் திட்டவும் இல்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன்.

"ஐயா," என்றது ஸ்பீக்கர், "நான் போனை வைக்கட்டே?"

கார்த்தியின் பெல்ட்டையும் போனையும் மணிக்கட்டில் கட்டியிருந்த கோயில் கயிற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். வெளியே வந்தால் வீட்டுக்கு எப்படிப் போவதென்று தெரியவில்லை. அவன் போனைத் திறக்கவும் எனக்குத் தெரியாது. ராஜஸ்தான் பாலைவனத்தில் வண்டி நின்றபோதுகூட நான் அப்படி முழித்ததில்லை.

ரூத்தான் கையைப் பிடித்துத் தன் பிக்கப் வண்டியில் ஏற்றினாள். வேட் பின்னால் ஏறிக்கொண்டான். வழியில் ஒரு கடையில் நிறுத்தி முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டிய ரொட்டி வாங்கிக் கொடுத்தாள். டாக்கோ என்று பெயர். நம் சப்பாத்தி ரோல்தான். மடியிலேயே வைத்திருந்தேன்.

ரோட்டுக்காகக் குன்றை வெட்டிய இடத்தில் சுண்ணாம்புப் பாறை வெள்ளையாகத் தெரிந்தது. துளை போட லேசான பாறை, என் வண்டி அரை நாளில் முடித்துவிடும் என்று வழக்கம்போல மனசு கணக்குப் போட்டது.

ரூத் நெஞ்சில் கைவைத்து, "ஐ லை," என்றாள். அன்றைக்குக் கோர்ட்டில் அடிக்கடி காதில் விழுந்த வார்த்தை, அதனால் புரிந்தது. அவளும் பொய் சொல்லியிருக்கிறாள். பின்னால் வேட் இருந்த பக்கம் காட்டி இரண்டு விரலை நீட்டினாள். இரண்டு பையன்கள். பிறகு ஒரு விரலை மடக்கி, ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்து, கீழே தரையைக் காட்டினாள்.

தரைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லித்தான் நான் சோறு தின்கிறேன். அவள் கை காட்டிய பக்கம் என்னால் பார்க்க முடியவில்லை.

ஜெயிலில் நேரில் விடவில்லை. ஒரு அறையில் டிவி மாதிரிப் பெட்டி, அதற்குள் கார்த்தி. கோடு போட்ட சட்டை. நான் ரிசீவரை எடுத்ததும் ஆரம்பித்தேன். "கண்ணு, நா ஜட்ஜம்மாவைத் தனியாப் பார்த்து..."

"அப்பா, ப்ளீஸ். நீங்க பேசாதீங்க."

கத்தவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னான். ரிசீவரைக் காதில் வைத்தபடி ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருந்தோம். நேரம் முடிந்ததும் திரை தானாகக் கறுத்துவிட்டது.

வெளியே வந்தவனை, அவனைப் போலவே மீண்டுகொண்டிருக்கும் ஆட்கள் சேர்ந்து தங்கும் ஒரு வீட்டுக்கு அனுப்பக் கோர்ட்டு உத்தரவு போட்டது. என்னோடு இருக்கக் கூடாது. டெனிஸ் என்னிடம், ஊருக்குப் போங்கள், தினமும் போனில் பேசுங்கள், அது போதும் என்றார். நான் கும்பிட்டேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. ஆனால் பதிலுக்குக் கும்பிட்டார்.

ஊர் வந்த பிறகு தினமும் சாயங்காலம் கூப்பிடுவான். இங்கே ஷெட்டில் வேலை முடிந்து பையன்கள் கை கழுவும் நேரம், அங்கே விடியும் நேரம்.

"இன்னிக்கு என்ன கலரு?"

"மஞ்சள்ப்பா. நம்முது இல்ல."

"சரி கண்ணு. சாப்புடு."

இவ்வளவுதான் பேச்சு. இரண்டாவது கட்டத்துக்கு வந்துவிட்டான். ஜட்ஜ் கை தட்டினாராம். பேத்தி ஒரு படம் வரைந்து அனுப்பினாளாம்.

இந்த வாரம் ஒரு நாள் கூப்பிட்டான். நான் ஷெட்டில் நின்று புது கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா. நேத்து ஸ்லிப் ஆயிட்டேன்."

கம்ப்ரசரை அணைக்கச் சொல்லிக் கை காட்டினேன். "டெனிஸம்மாகிட்டச் சொல்லிட்டியா?"

"இல்ல. உங்களுக்குத்தான் மொதல்ல. இன்னிக்குக் கலர் நீலம். நாளைக்கு ஒரு நாள் தப்பிச்சா டெஸ்ட்ல வராது." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "நீங்க என்ன சொல்றீங்க?"

நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, அந்தப் பழைய பேச்சு. நாற்பது வருஷம் வண்டி ஓட்டிய பேச்சு.

"போனை வை. அவங்களுக்குப் போடு."

"அப்பா, கொஞ்ச நேரம் பேசுங்களேன்."

"வைடா," என்றேன். அவன் வைக்கவில்லை. நானே வைத்தேன்.

அதற்கப்புறம் அவன் கூப்பிடவில்லை. அந்த அம்மாவுக்குப் போட்டானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நானாகக் கூப்பிட்டால் என்ன பேசிவிடுவேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது. இப்போதும் சாயங்காலம்தான். அங்கே விடிகிறது. போனைச் சட்டைப் பையில் போடாமல் கையிலேயே வைத்திருக்கிறேன்.